யாருடைய மலைக்குப் போறம்?

'மலைக்குப் போறம்' என்ற வசனத்துக்கு எங்கட நாட்டுத் தமிழில் இரண்டு அர்த்தம் இருக்கு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிற ஒரு இருபத்திரண்டு வயசுப் பிள்ளை அதைச் சொன்னால், வெள்ளி இரவு பஸ் ஏறி, சனியும் ஞாயிறும் குளிருக்குள் திரிந்து, திங்கள் விடிய வீட்டுக்கு வந்து சேர்வது என்று பொருள். அதே வசனத்தை நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் இருக்கிற ஒரு அக்கா சொன்னால் அர்த்தமே வேறு. அங்கே மலை என்பது தேயிலை நிற்கிற வேலைத்தளம். 'இன்னைக்கு எந்த மலை?' என்று கேட்டால் 'அஞ்சாம் நம்பர் மலை' என்று பதில் வரும். பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போவதுதான் அவருக்கு மலைக்குப் போவது.

ஒருவருக்கு அது லீவு நாள். மற்றவருக்குச் சம்பள நாள். மலை ஒன்றுதான்.

கடந்த சில வருசமாக எங்கட வயசுக்காரரிடையே மலைப் பயணம் பெரிய விருப்பமாக வளர்ந்திருக்கு. ஹைக்கிங் குழுக்கள், வட்ஸ்அப் அறிவித்தல்கள், கூடாரம் வாடகைக்கு விடுகிற கடைகள் என்று எல்லாம் வந்திட்டுது. கயிறு கட்டிப் பாறை ஏறப் பழகுகிறவர்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கினம். இதைக் குறை சொல்ல நாங்கள் வரேல்ல. இன்னும் நிறையப் பேர் போகவேணும் எண்டுதான் எங்கட விருப்பம். ஆனால் எப்படி ஏறுறம், எங்க தங்குறம், அந்த மலையில் ஏற்கெனவே ஆர் இருக்கினம் என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் போய்வருவது சரியில்லை என்பதுதான் எங்கட வாதம்.

பாறை பழக்கித் தாறது

அண்மையில் நாங்கள் ஆறு பேர் ஒரு சனி ஞாயிறை அட்டன் பக்கம் கழிச்சம். வடக்கிலிருந்து மூன்று பேர், மட்டக்களப்பிலிருந்து ஒருவர், மலையகத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர். தோட்டத்துக்கு மேலே, காட்டோரம் நிற்கிற ஒரு பாறையில் கயிற்றோடு ஏறுவது, மேலே இருக்கிற ஒரு குடிலில் இரவு தங்குவது, அடுத்த நாள் இறங்குவது. அவ்வளவுதான் திட்டம். கயிறும் கருவிகளும் எங்களில் ஒருத்திக்குச் சொந்தம். முறையாகப் பயிற்சி எடுத்தவளும் அவள்தான்.

பாறை ஏறுவதைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தனி ஆளின் வீரம் மாதிரித் தெரியும். உண்மையில் அது இரண்டு பேரின் வேலை. ஏறுகிறவரின் இடுப்பில் ஹார்னஸ் என்கிற பட்டி. அதில் எட்டு முடிச்சுப் போட்டுக் கயிறு கட்டியிருக்கும். கயிறு மேலே உறுதியான நங்கூரத்தில் மாட்டித் திரும்பிக் கீழே நிற்கிறவரின் கைக்கு வரும். அவர் ஏறமாட்டார், கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிற்பார். ஏறுகிறவர் ஒரு அடி உயர, இவர் தொங்கலான கயிற்றை இழுத்து எடுப்பார். மேலே கால் வழுக்கினால் உயிர் கீழே நிற்கிற ஆளின் கையில். அதனால் ஏற முதல் ஒருவர் மற்றவரின் முடிச்சைத் தொட்டுப் பார்க்கவேணும். எத்தனை வருச அனுபவம் இருந்தாலும் இந்தச் சோதனைக்கு விலக்கு இல்லை.

'பிடிச்சிருக்கிறியா?'

'பிடிச்சிருக்கிறன். ஏறு.'

இந்த இரண்டு வசனத்துக்கு இடையில் போன் பார்க்க ஏலாது, செல்பி எடுக்க ஏலாது, வேறு கதை கதைக்க ஏலாது. எங்கட தலைமுறைக்கு இப்படி ஒரு முழுக் கவனம் எப்ப கடைசியாகக் கிடைச்சது எண்டு யோசித்துப் பாருங்கோ. ஒரே மொழி பேசியும் ஒருவர் வாழ்க்கை மற்றவருக்குத் தெரியாமல் வளர்ந்த வடக்குப் பிள்ளையும் மலையகப் பிள்ளையும் ஒருவர் முடிச்சை ஒருவர் சரிபார்க்கிற காட்சி, பல ஒற்றுமைக் கூட்டங்களில் கிடைக்காத ஒன்று.

இன்னொன்றும் அங்கே விளங்கினது. புதிதாக ஏறுகிறவர் எல்லாரும் கையால் உடம்பை இழுக்கப் பார்க்கினம். பத்து நிமிசத்தில் முன்னங்கை கல்லாக இறுகிவிடும். 'கையால இழுக்காதீங்க, காலை நம்புங்க' என்று எங்கட தோழி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கை சமநிலைக்கு, கால் பாரத்துக்கு. பலம் குறைஞ்சவர்கள் என்று நினைத்த இரண்டு பேர்தான் நல்லாக ஏறிச்சினம்.

பின்னேரம் இரண்டு மணிபோல மூடுபனி ஏறி, தூறல் விழத் தொடங்கினது. ஈரமான பாறையில் பாசி சவர்க்காரம் மாதிரி வழுக்கும். மேல்பகுதியை விட்டுவிட்டு எல்லாரும் இறங்கினம். 'மலையை வென்றோம்' என்று எழுதுகிற பழக்கம் எங்களிடம் நிறைய இருக்கு. மலையை ஒருவரும் வெல்லுறதில்லை. வானம் விட்டால் ஏறுறம், விடாட்டி இறங்குறம். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உதும்பால எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் இலங்கையர் ஆனார். அவரோடு சேர்ந்து போன யொஹான் பீரிஸ், உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே, ஒட்சிசன் சிக்கலால் திரும்பினார். 2018இல் மீண்டும் போய் உச்சியைத் தொட்டார். அந்த இரண்டாவது பயணத்துக்கு அவர் உயிரோடு இருந்ததுக்குக் காரணம், முதல் பயணத்தில் திரும்பத் தெரிஞ்சதுதான்.

குடில் என்பது ஹோட்டல் இல்லை

நாங்கள் தங்கின இடம் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. ஒரு காலத்தில் தோட்டக் காவல்காரர் இருந்ததாம். இப்ப அந்தத் தோட்டத்து இளைஞர்கள் சிலர் துப்புரவாக்கி, வாறவர்களுக்குக் கொடுக்கினம். ஒரு அறையில் பெண்கள், மற்றதில் ஆண்கள், பாயில் வரிசையாகப் படுக்கை. ஊற்றிலிருந்து குழாயில் தண்ணி. வெளியில் ஒரு மலசலகூடம். இரவுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்ட சம்பலும், சுடச்சுடத் தேத்தண்ணியும். சுவரில் கரியால் எழுதின சட்டங்கள்: சப்பாத்து வெளியில். ஸ்பீக்கர் பாட்டு இல்லை. போத்தலும் பொலித்தீனும் கொண்டு வந்தவரே கொண்டு போகவேணும். எரிச்ச விறகுக்குப் பதில் விறகு எடுத்து வைக்கவேணும். மேசையில் ஒரு சீஆர் கொப்பி. பெயர், ஊர், நாளைக்கு எந்தப் பக்கம் போறம், எத்தனை மணிக்குத் திரும்புவம் எண்டு எழுதவேணும்.

அந்தக் கொப்பியைச் சின்ன விசயமாக நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் அரசாங்கத்தின் பாதுகாப்புத் திணைக்களம் 950க்கும் மேற்பட்ட மலை, காட்டுக் குடில்களைப் பராமரிக்குது. அநேகமாக ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு புத்தகம். காணாமல் போனவரைத் தேடுகிறவர்கள் முதல் பார்க்கிறது அதைத்தான். சுவிற்சர்லாந்தில் 1863இல் தொடங்கின அல்பைன் கழகத்துக்கு 150 அளவில் குடில்கள் இருக்கு. பல குடில்களில் பொறுப்பாளர் இல்லாத குளிர்காலத்திலும் ஒரு அறை பூட்டாமல் இருக்கும். புயலில் மாட்டின ஒருவர் உள்ளே போய், அடுப்பு மூட்டி, படுத்து எழும்பி, காசைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். எங்கட சொந்தக்காரர் ஆயிரக்கணக்கில் வாழுற நாடு அது. அங்கே போய் வாற எத்தனை பேர் பனிமலைப் படத்தோடு இந்தப் பூட்டாத கதவின் கதையையும் கொண்டு வந்திருக்கினம்?

எங்கட மலைகளில் இப்ப வளருறது வேறு மாதிரி. கண்ணாடிச் சுவர், சுடுதண்ணித் தொட்டி, மேகத்தைப் பார்த்தபடி காலைச் சாப்பாடு, ஒரு இரவுக்கு ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தைத் தொடுகிற வாடகை. காசு உள்ளவர் அனுபவிக்கட்டும், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதுதான் மலையில் தங்குவதற்கான ஒரே வழி எண்டு ஆகிவிட்டால், மாணவருக்கும் கடையில் வேலை செய்கிற பிள்ளைக்கும் இரண்டு வழிதான் மிஞ்சும். ஒன்று போகாமல் இருக்கிறது. இல்லாட்டி அனுமதி இல்லாத இடத்தில் கூடாரம் அடிச்சு, குப்பையும் நெருப்பும் போட்டுவிட்டு வாறது.

இது எங்களுக்குப் புதுசு இல்லை

'குடில் கலாசாரம் வெள்ளைக்காரன்ர சாமான்' எண்டு சிலர் சொல்லுவினம். இல்லை.

சிவனொளிபாதமலையை எடுத்துக்கொள்ளுங்கோ. 2,243 மீற்றர். சைவர், பௌத்தர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் என்று எல்லாரும் தங்கட கதையோடு ஏறுகிற மலை. 1344இல் மொரோக்கோப் பயணி இபின் பதூதா இலங்கைக் கரையில் இறங்கினபோது, புத்தளத்தில் அவரை வரவேற்றது ஆரியச்சக்கரவர்த்தி. பாதமலைக்குப் போகவேணும் என்று பதூதா கேட்க, அரசர் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகளும், பிராமணர்களும், சாப்பாட்டுச் சாமான் சுமக்க ஆட்களும் கொடுத்து அனுப்பினதாகப் பதூதா தன் பயணக் குறிப்பில் சொல்லுறார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குத் தமிழ் அரசர் ஒழுங்கு செய்த மலைப் பயணம். கவனியுங்கோ, சுமக்கிறவர்கள் அந்தக் கதையிலும் இருக்கினம், பெயர் இல்லாமல்.

அதே குறிப்பில், செங்குத்தான பாறையில் ஏற இரும்புச் சங்கிலிகள் அடிச்சிருந்ததையும், உச்சிக்குக் கீழே இருந்த ஒரு குகையில் யாத்திரிகர் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிக்கப் போகிற வழக்கத்தையும் அவர் எழுதியிருக்கிறார். நிலையான பிடி, உச்சிக்குப் பக்கத்தில் தங்குமிடம். பாறையேற்றமும் மலைக் குடிலும் இந்த நாட்டில் ஏறக்குறைய எழுநூறு வருசத்துக்கு முன்னமே இருந்திருக்கு. அந்தப் பாதைகளில் பிறகும் அம்பலங்கள் இருந்தன. எங்கட பக்கத்தில் அதுக்குப் பெயர் மடம். பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்னும் நிற்குது. தலைப்பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, பக்கத்தில் கேணி, மாடு உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், ஆள் படுக்கத் திண்ணை. நடக்கிறவர் ஆரெண்டாலும் இரவு தங்கிப் போக ஒரு கூரை வேணும் எண்ட யோசனை எங்கட ஊர்களுக்குப் பழசு. ஆனால் அந்த மடங்களும் எல்லாருக்கும் ஒரே மாதிரித் திறந்திருக்கேல்ல, சாதி அங்கேயும் வாசலில் நின்றது. நாங்கள் மலையில் கட்டப் போறது அந்த வாசல் இல்லாத மடமாக இருக்கவேணும்.

ஆருக்குக் கயிறு, ஆருக்குச் சுமை

மலையேற்றம் தொடக்கத்திலிருந்தே ஆட்களைத் தள்ளி வைத்த விளையாட்டு. லூசி வோக்கர் என்ற பெண் 1871இலேயே மற்றர்ஹோர்ன் உச்சியைத் தொட்டிருந்தார். ஆனால் அதே சுவிற்சர்லாந்தின் அல்பைன் கழகம் 1907இலிருந்து பெண்களைச் சேர்க்காமல் விட்டது. பெண்கள் 1918இல் தங்களுக்கெண்டு தனிக் கழகம் தொடங்கிச்சினம். இரண்டும் ஒன்று சேர்ந்தது 1980இல்தான். உச்சியைத் தொட்டவருக்குக் கதவைத் திறக்க நூறு வருசத்துக்கு மேல் எடுத்திருக்கு.

எங்கட வீடுகளில் இன்னும் அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கு. 'பொடியங்களோட மலையில ராத்திரி தங்குறதா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் எத்தனையோ தோழிகள் நின்றுவிடுகினம். பெற்றோரின் பயம் முழுக்கப் பொய் எண்டு நாங்கள் சொல்லமாட்டம். ஒழுங்கான தனி அறை, மலசலகூடம், பொறுப்பான ஆள், தொடர்பு எடுக்க இலக்கம் என்று ஒரு குடில் இருந்தால் அந்தப் பயத்தில் பாதி குறையும். ஆக, குடில் வேணும் எண்டு கேட்பது பெண்களும் மலைக்கு வரவேணும் எண்டு கேட்பதும்தான்.

அடுத்தது தோட்டத்துப் பிள்ளைகள். பாதை தெரிஞ்சவர்கள் அவர்கள்தான். எந்தப் பாறைக்குக் கீழே குளவிக்கூடு இருக்கு, எந்த மாசத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது, அட்டைக்குக் காலில் என்ன பூசவேணும் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் என்ற செய்தி எங்களுக்கு ஒரு வரிதான். அவர்களுக்கு அது அம்மாவின் உடம்பு. மழைக்குள் வழி தவறின பயணிகளைத் தேடி டோர்ச் லைட்டோடு முதல் ஓடுகிறவர்களும் பக்கத்து லயத்து ஆட்கள்தான். ஆனால் பல பயணங்களில் அவர்களுக்குக் கிடைக்கிற இடம் பை தூக்குகிறவர், தேத்தண்ணி போடுகிறவர், இல்லாட்டிப் படத்தில் கூடையோடு சிரிக்கிறவர். கயிறு கட்டத் தெரிஞ்ச வழிகாட்டியாக, முதலுதவி பயின்றவராக, கணக்குப் பார்க்கிறவராக அவர்கள் இருக்கவேணும். அறிவுக்குச் சம்பளம் கொடுக்காமல் சுமைக்கு மட்டும் கொடுப்பது பழைய துரைமார் பழக்கம்.

குடிலுக்கு முதல் காணி

இனி எங்களுக்குள்ளேயே விவாதம் வந்த இடத்துக்கு வாறம்.

நாங்கள் தங்கின குடிலுக்கு ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. நிர்வாகம் வாயால் 'சரி' எண்டு சொன்னதில்தான் நடக்குது. நாளைக்கு அதே வாய் 'வேண்டாம்' என்றால், தகரம் மாற்றி, குழாய் இழுத்து, பாதை வெட்டின அவ்வளவு வேலையும் போச்சு. இதைப் பற்றிக் கேட்டபோது அதை நடத்துகிற ஒரு அண்ணன் சிரிச்சுக்கொண்டே சொன்னார், 'நாங்க இருக்கிற வீட்டுக்கே பேப்பர் இல்ல தம்பி, இதுக்கு எங்க?'

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இரண்டு நூற்றாண்டு இருக்கு. 1820களிலிருந்து தென்னிந்தியாவிலிருந்து கொண்டு வரப்பட்டவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்டவர்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. வாக்கு வந்தது, காணி வரேல்ல. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளின் கைக்குப் போனது. கைகள் மாறினபோதும் லயத்தில் இருந்த குடும்பம் அதே பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில், உறுதி இல்லாமலே இருந்தது. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடினது. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தைத் திரும்பவும் கிழிச்சது. ஆபத்தான சரிவு எண்டு தெரிஞ்சும் அங்கேயே இருக்கவேண்டி வாறது, பாதுகாப்பான இடத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாததால்தான். அதே சரிவைத்தான் நாங்கள் 'வியூ பொயின்ற்' எண்டு சொல்லுறம்.

எங்களில் ஒருவர் கேட்டார்: 'அப்ப லயக் காம்பராவையே ஹோம்ஸ்டேயாக மாற்றினால் என்ன? சனத்துக்கு வருமானம் வருமே?' வேறு ஆட்களும் இதைச் சொல்லுறதைக் கேட்டிருக்கிறம். எங்கட பதில்: உறுதி இல்லாத வீட்டில் ஹோம்ஸ்டே நடத்தினால், வருமானம் கூடக்கூட வீடு பறிபோகிற ஆபத்தும் கூடும். நல்ல வியூ இருக்கிற லயத்தின் மேல்தான் முதல் கண் விழும். அதைவிட, வறுமையையே காட்சிப் பொருளாக்கி ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. முதல் அந்தக் குடும்பத்தின் பெயரில் காணியும் வீடும். அதுக்குப் பிறகு அதை ஹோம்ஸ்டே ஆக்கிறதோ கதவைச் சாத்திக்கொண்டு நித்திரை கொள்ளுறதோ அவர்கள் விருப்பம்.

பொதுக் குடில் வேறு விசயம். தோட்டங்களில் பூட்டிக் கிடக்கிற, ஆள் இல்லாத கட்டடங்கள் இருக்கு. மண்சரிவு ஆபத்து இல்லை என்று உறுதிப்படுத்தினபிறகு, அவற்றை எழுத்திலான நீண்டகால ஒப்பந்தத்தோடு அந்தத் தோட்டத்து இளைஞர் சங்கங்களுக்கோ பெண்கள் சங்கங்களுக்கோ கொடுக்கலாம். மாணவருக்குக் கட்டுப்படியான ஒரு கட்டணம், அதில் ஒரு பங்கு வழிகாட்டிப் பயிற்சிக்கும் மீட்புக் கருவிகளுக்கும் போகட்டும். காட்டுக்குள் புதுசாக ஒன்றும் கட்டவேண்டாம். ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ், சிவனொளிபாத வனம் மூன்றும் 2010இல் உலக மரபுரிமை ஆன இடங்கள். அங்கே எங்களைவிடக் காட்டுக்குத்தான் முன்னுரிமை.

'நாடு இருக்கிற நிலைமையில் பாறை ஏறுறது ஒரு பிரச்சினையா?' எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சப்பாத்து விலையைப் பார்த்தால் எங்களுக்கும் தலை சுத்துது. ஆனால் கடற்கரையும் மைதானமும் வாசிகசாலையும் மாதிரி, மலையும் காசு இல்லாதவருக்கும் திறந்திருக்கவேண்டிய இடம். அந்த உரிமையை இப்ப கேட்காட்டி, இன்னும் பத்து வருசத்தில் ஒவ்வொரு உச்சிக்கும் ஒரு கேற்றும் ஒரு ரிக்கற்றும் வந்துவிடும். அந்த கேற்றுக்கு வெளியில் நாங்களும் நிற்பம், அங்கேயே பிறந்தவர்களும் நிற்பினம்.

ஆகவே அடுத்த முறை மலைக்குப் போக முதல் நாலு விசயத்தைச் செய்யுங்கோ. உள்ளூர் வழிகாட்டியை எடுங்கோ, கேட்கிற காசைப் பேரம் பேசாமல் கொடுங்கோ. போற பாதையையும் திரும்புகிற நேரத்தையும் எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கோ. கொழுந்தெடுக்கிறவரைப் படம் எடுக்க முதல் கேளுங்கோ, வேண்டாம் என்றால் கமராவை மூடுங்கோ. திரும்பி வந்து பதிவு போடேக்க, உச்சியின் உயரத்தோடு அந்தத் தோட்டத்தின் பெயரையும், அங்கே காணிக்காக நடக்கிற போராட்டத்தையும் சேர்த்து எழுதுங்கோ.

கயிற்றின் மறுமுனையைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிற ஆள் ஆரெண்டு தெரியாமல் ஒருவரும் பாறை ஏறுறதில்லை. மலைநாட்டுக்குப் போறவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும்.